அம்சம் ஈக்களுக்கு இடம் பார்த்த கதை

ஆவிச்சேரி மாயவனுக்கு நாலு பெண்கள். மூத்தவள் கோவிந்தம்மாள் நீடாமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த இரண்டு பேரையும் திருப்பனந்தாள் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடைக்குட்டி அம்சத்தை வெளியூருக்கு அனுப்ப மாயவனுக்கு மனசு வரவில்லை. கூடப் பிறந்த அக்கா மகன் தங்கையனுக்கே கட்டிவைத்து, எதிர்வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அம்சம் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டவள் இல்லை. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே வயது போயிற்று. ஒரே மகள் ராஜாத்தியையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குமேல் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்?

அது மாசி மாதம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பூத்துக் கிடந்தன. அம்சம் உலையை வைத்துவிட்டு வாசற்படிக்கிட்டே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒரு இரைச்சல். லாரிதான் தெருவுக்குள் வந்துவிட்டதோ என்று தலையை நீட்டினாள். வெயில் கறுத்திருந்தது. கணக்கற்ற தேனீக்கள் ஒரு பெரிய சுழலாகச் சுற்றிக்கொண்டே கூரை இறவாணத்தைத் தாண்டி, அவள் தலைக்கு மேலாக வீட்டுக்குள் வந்தன. ஒன்றுகூட அவளைத் தொடவில்லை. மூலையில் மாமியார் காலத்துக் குதிர் ஒன்று, மண் வெடித்துப்போய் நெல் கொட்ட வழியில்லாமல் சும்மா நின்றது. அடியில் நெல் தள்ளும் துவாரம் உண்டே, அதன் வழியாக சினிமாக் கொட்டகைக்குள் ஜனம் நுழைகிற மாதிரி முண்டியடித்துக்கொண்டு உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. குதிர் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அம்சம் கிட்டே போய்க் காதை வைத்தாள். மன்னார்குடித் தேர் நிலையை விட்டு அசைவதற்கு முன்னால், வடம் பிடித்து நிற்கிற ஜனங்களுக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பும். யார் வாயிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அந்த முனகல் மண்ணுக்குள்ளே கேட்டது. குதிரின் மேல் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு. அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. உலை பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

சாயங்காலம் வந்த தங்கையன் குதிரைச் சுற்றிப் பார்த்தான்.

“புகை போட்டாப் போயிடும். தேனடை இருந்தா வழிச்சு எடுத்துக்கலாம்.”

“வேணாம் மாமா. இருந்துட்டுப் போகட்டும்.”

“இருந்துட்டுப் போறதுக்கு இது என்ன சத்திரமா? பங்குனி உத்திரம் கழிஞ்சதும் ராஜாத்தி தலைப்பிரசவத்துக்கு வர்றா. பச்சப்புள்ளைய ஈக்கூட்டுக்குப் பக்கத்துல போட்டு வச்சிருந்தாங்கன்னு சம்பந்தி வீட்டுல காறித் துப்பவா?”

“அதுக்குள்ள வேற இடம் பார்த்துடறேன்.”

“பாரு. அவ வண்டியை விட்டு இறங்குறப்ப இது இங்க இருந்துச்சு, வைக்கோலைத் திணிச்சுக் கொளுத்திடுவேன். அப்புறம் அழக்கூடாது.”

தங்கையன் சொன்னால் செய்கிறவன். அம்சத்துக்கு அது தெரியும்.

கூத்தாநல்லூர் யூனுஸ் ராவுத்தர் வீட்டுக்கு அவள் வருஷா வருஷம் நெல் அவிக்கப் போவாள். ராவுத்தர் மலேயாவில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் கொல்லையில் மரப்பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“தேன் எடுத்து விக்கப் போறியா?” என்றார்.

“இல்லீங்க ராவுத்தரே. சத்தம் கேக்கத்தான்.”

ராவுத்தர் உள்ளே போய் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பெட்டி நான் தர்றேன். குதிர்லேருந்து பெட்டிக்கு மாத்தவும் நானே வர்றேன். இடம் மட்டும் நீ பாரு. நிழல் வேணும், கிட்டக்க தண்ணி வேணும், ஆள் நடமாட்டம் ஆகாது. பூச்சி மருந்து அடிக்கிற வயலுக்கு ஓரத்துல வச்சிடாதே, ஒரே நாள்ல கொட்டிப்போயிடும். மத்தபடி ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.”

ஒரு பாய் விரிக்கிற இடம்! ராவுத்தர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் அது சாதாரணம் இல்லை. கழக ஆட்சி வந்து, குடிசை போட்டுக் குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். உச்சவரம்பு என்று இன்னொரு சட்டம். மிராசுதார்கள் வேலியை வெறித்துக்கொண்டிருந்தார்கள். செங்கொடிச் சங்கத்து ஆட்கள் கொடி நட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வரப்போரத்தில் மாடு கட்ட முளை அடித்தால் போதும், அனுபவ பாத்தியதை கொண்டாட வருகிறான் என்று தாலுகா கச்சேரிக்கு ஓடுவார்கள். அம்சத்தின் தெருவிலோ சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் கோழி திரும்ப இடம் இல்லை.

ஊர் மிராசுதார் பெரிய வீட்டுப் பஞ்சநாதனின் தென்னந்தோப்போரம் ஒரு புங்கமரம் உண்டு. பயறு எடுக்கப் போகும் பெண்கள் அதன் கீழேதான் கஞ்சி குடிப்பார்கள். எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கலாமே என்று, அம்சம் காலிப் பெட்டியை அங்கே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். செய்த தப்பு அதுதான்.

கஞ்சி வேளைக்குத் திரும்பி வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செங்கொடி நிற்கிறது. கொடிக்கு இந்தப் பக்கம் சங்கத்துப் பிள்ளைகள். முன்னால் சங்கத் தலைவர் இளையபெருமாள்; அம்சத்துக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அந்தப் பக்கம் பெரிய வீட்டுக் காரியக்காரர் ராசு, கம்பும் கையுமாக நாலைந்து ஆட்களோடு. தலையாரிக்கும் ஆள் போயிருந்தது.

இளையபெருமாள் முகமெல்லாம் மலர்ந்து, “நல்ல இடமாப் பார்த்துத்தான் பெட்டியை எறக்கியிருக்கே தங்கச்சி! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா ஊரையே திரட்டியிருப்பேனே” என்றார்.

“அண்ணே, இது ஈ வைக்க.”

“எது வைக்க?”

ராசு கம்பால் பெட்டியைத் தட்டினார். “உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க. காலிப் பெட்டி.”

“காலிப் பெட்டிக்கு எதுக்குக் கொடி?”

“கொடி நான் நடலீங்க.”

“இன்னிக்குப் பெட்டி. நாளைக்குப் பெட்டிக்கு வெயில் படுதுன்னு ஒரு கீத்து. மறுநாள் கீத்துக்கு நாலு கால். அப்புறம் அதுக்குக் கதவு இலக்கம் கேட்டு மனு. எங்களுக்குத் தெரியாதா?”

அம்சம் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பெட்டி இருந்த வெறும் இடத்தை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரைக்கும் இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள். கொடியை யார் பிடுங்குவது என்பதே பெரிய வழக்காகிவிட்டது.

கோயில் நந்தவனத்துக்குப் போனாள். மேலே எழுதிப் போட்டு உத்தரவு வர வேண்டும் என்றார்கள். ஆற்றங்கரைக்குப் போனாள். கரைக் காவல் லஸ்கர் சைக்கிளை நிறுத்தி, “சர்க்கார் கரை அம்மா, ஆட்டுக்குட்டிகூடப் படுக்கக் கூடாது” என்று விரட்டினார். பங்குனி பிறந்துவிட்டது. “கண்டுபிடிச்சியா?” என்று தங்கையன் கேட்பதை நிறுத்திவிட்டான். அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்த வைக்கோல் சேர ஆரம்பித்திருந்தது. அம்சம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தாள்.

ஒருநாள் வேலை விட்டு வரும்போது கால் ஓய்ந்து வரப்பில் மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேலே, ஆகாசத்தில் கோடு கிழித்த மாதிரி, ஏதோ போய்வந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தாள். ஈக்கள். அவள் வீட்டு ஈக்கள். தெருவிலிருந்து கிளம்பி, பயற்று வயலைத் தாண்டி, ஒரே திக்கில் போயின. அதே வழியில் கனத்துப்போய்த் திரும்பின. அம்சம் எழுந்து அந்தக் கோட்டுக்குக் கீழேயே நடந்தாள். வாய்க்காலைத் தாண்டினாள். கோடு போய் இறங்கிய இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அது கேஸ் திடல்.

வயல்களுக்கு நடுவே மேடாக இருக்கும் திடல் அது. ஒரு காலத்தில் அங்கே ஏழெட்டுக் குடிசைகள் இருந்து வெள்ளத்தில் போயின. மனை எங்களுடையது என்று சங்கம் சொன்னது. விட்டுப்போன மண் தோப்புக்காரனுக்குத்தான் என்று பஞ்சநாதன் சொன்னார். கேஸ் கோர்ட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் தடை உத்தரவு ஆனதிலிருந்து ஒரு பக்கத்தாரும் உள்ளே கால் வைப்பதில்லை. மற்றவன் வைக்கிறானா என்று பார்ப்பதோடு சரி. ஆடு மாடு இல்லை, அரிவாள் இல்லை, விறகு பொறுக்குவாரும் இல்லை. இலுப்பை பூத்து உதிர்ந்து தரை வெளுத்துக் கிடந்தது. புங்கமரம் பூவாலேயே மூடிப்போயிருந்தது. நாவலில் மொட்டு. இடுப்பளவு தும்பை, சின்னச் சின்ன வெள்ளை வாயைத் திறந்துகொண்டு மேடு முழுக்க நின்றது. அந்த மேடே மூச்சு விடுகிற மாதிரி ஒரு ரீங்காரம். மனுஷர்கள் சண்டை போட்டுக்கொண்டு விலகி நின்றதில் இப்படி ஒன்று வளர்ந்திருக்கிறதே! அம்சம் ஓரத்திலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் பெரிய வீட்டுக்குப் போனாள். பஞ்சநாதன் சாய்வு நாற்காலியில் இருந்தார். முன்பெல்லாம் எசமான் என்று கூப்பிட்டவள்தான், இப்போது அய்யா.

“அய்யா, கேஸ் திடல்ல என் பெட்டியை வைக்கணும்.”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நானே உள்ள போறதில்லை.”

“நாமதாங்க போறதில்லை. அதுங்க தினம் போயிட்டுத்தான் வருது. அதுங்களுக்கு யாரும் தடை வாங்கலீங்களே.”

பஞ்சநாதனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “உங்க அண்ணன் சம்மதிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“அண்ணன் சம்மதிச்சா அய்யா மறுப்பீங்க. அய்யா சம்மதிச்சா அண்ணன் மறுக்கும். சம்மதம் ஒண்ணும் வேணாங்க. ரெண்டு பேரும் மறுக்காம இருந்தாப் போதும்.”

பஞ்சநாதன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அதையே போய் இளையபெருமாளிடமும் சொன்னாள்.

“பெரிய வீட்டுல மறுக்கலையா?” என்றார் அவர்.

“மறுக்கலை.”

“அப்ப இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு. பெட்டியை யாரு தூக்கிட்டுப் போறது?”

“நம்ம தெருப் பையனுங்க யாராச்சும்.”

“நம்ம ஆளு உள்ள போனா தடையை மீறினோம்னு கேஸ் போடுவான்.”

“அப்ப அவங்க ஆளு தூக்கட்டும்.”

“அவன் ஆளு போனா அனுபவம் அவனுதுன்னு ஆயிடும்!”

அம்சம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “அப்ப ஒரு பக்கம் நீ தூக்கு. ஒரு பக்கம் ராசு தூக்கட்டும்.”

ராசுவுக்கும் சொல்லி அனுப்பினாள். சங்கத் தலைவன் கை படுகிற பெட்டியில் தன் கை படாமல் இருக்கலாமா? ராசுவும் ஒத்துக்கொண்டார்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் யூனுஸ் ராவுத்தர் வந்தார். ராஜாத்தியின் வண்டி அதற்கு மறுநாள் வருவதாகச் சேதி. குதிரைப் பக்கவாட்டில் மெதுவாக உடைத்தார். உள்ளே பாளம் பாளமாக வெள்ளை அடைகள். தட்டு தட்டாக, ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல் தொங்கின. தங்கையன் வாயைப் பிளந்துகொண்டு, “இதெல்லாம் யாரு அளந்து குடுத்தா?” என்றான். ராவுத்தர் அடைகளை அறுத்து, சட்டங்களில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். பிறகு ஒரு கொத்து ஈக்களைக் கையில் அள்ளி, அம்சத்தின் உள்ளங்கையில் விட்டார். நெல்லை அள்ளின மாதிரி கனம். ஆனால் உயிருள்ள கனம், சூடான கனம். நடுவில் மற்றவற்றைவிட நீளமாக ஒன்று. அது நகர்ந்தால் மற்றவை வழி விட்டன.

“அதுதான் ராணி. அதைப் பெட்டிக்குள்ள விடு, மத்ததெல்லாம் பின்னாலேயே போகும்.”

அவள் கையைச் சாய்த்தாள். போயின. முழங்கை வரைக்கும் இருந்தவைகூட வரிசையாக இறங்கிப் போயின.

வெயில் தாழ்ந்து, வெளியே போனவையெல்லாம் அடைந்ததும் ராவுத்தர் வாசலைத் துணியால் அடைத்தார். “பக்கத்துலேயே மாத்துறதால பழைய இடத்தைத் தேடித் திரும்பி வரும். காலையில துணியை எடுக்குறப்ப வாசலுக்கு முன்னால தழையைக் கட்டு. தட்டுப்பட்டா நின்னு பார்க்கும். அதுக்கு மேல அதுங்க இஷ்டம்.”

மூங்கிலில் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். முன்னால் ராசு, பின்னால் இளையபெருமாள். தடை வாங்கிய நாளிலிருந்து சண்டைக்குத் தவிர ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். ஊரே இரண்டு வரப்புகளில் இரண்டு கட்சியாகக் கூடவே வந்தது.

“காலை ஒழுங்கா வையி” என்றார் இளையபெருமாள்.

“எனக்கு நடக்கக் கத்துக்குடுக்கறியா?”

மூங்கில் ஆடிற்று. பெட்டிக்குள் இரைச்சல் சீறி எழுந்தது. இருவரும் சட்டென்று வாயை மூடினார்கள். இரைச்சல் தணிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ராசு, “மண்டை முழுக்கத் திமிரு” என்று முணுமுணுத்தார். பின்னால் இருந்தவர் கழியை ஒரு உலுக்கு உலுக்கினார். மறுபடி சீறல். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் நடக்க நடக்க, நெல்கட்டுத் தூக்குகிறவர்களுக்கு வருகிற அந்த ஒரே நடை தானாகவே இருவருக்கும் வந்துவிட்டது. வரப்புகளில் வந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தி வெளிச்சத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவே, பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது.

திடலின் ஓரம் வந்ததும் ராசு நின்றார். இளையபெருமாள் கத்தினார். “நில்லு! முன்னால இருக்குறவன் நீ. நீ முதல்ல கால் வச்சா முதல் பிரவேசம் உனக்குன்னு ஆயிடும்.”

“அப்ப நீ முன்னால வா.”

“வந்தா நீ கேஸ் போடுவே.”

அம்சம் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றாள். “கழியை அப்படியே பக்கவாட்டுல திருப்புங்க. ரெண்டு பேரும் திடலைப் பார்த்து நில்லுங்க. நான் சொல்றப்ப ஒண்ணா ஏறுங்க.”

கழியைத் திருப்பினார்கள். அம்சம், “ஏறுங்க” என்றாள். இருவரின் வயசான கால்களும் ஒரே நேரத்தில் மேட்டில் பதிந்தன. நண்டு போகிற மாதிரி பக்கவாட்டிலேயே நடந்து, தும்பையை விலக்கிக்கொண்டு, இலுப்பை மரத்தடியில் பெட்டியை இறக்கினார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு வந்த மாதிரியே நண்டு நடையில் வெளியே வந்தார்கள்.

விடிந்ததும் அம்சம் அங்கே இருந்தாள். துணியை எடுத்தாள்; வேப்பங்கொத்து ஒன்றை வாசலுக்கு முன்னால் கட்டினாள்; தள்ளி உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. கீழண்டை வரப்பில் தெரு ஜனம், மேலண்டை வரப்பில் பெரிய வீட்டு ஆட்கள். காலை வெயில் இலைகளைத் தாண்டித் தரைக்கு இறங்கிற்று. இன்னும் ஒன்றும் வரவில்லை. குலுங்கின குலுக்கலில் செத்துத்தான் போயிற்றோ?

வேப்பிலைக்குள் ஏதோ அசைந்தது. ஒரே ஒரு ஈ தழையை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. பறந்து போய்விடவில்லை. ஆகாசத்தில் திரும்பி நின்று பெட்டியைப் பார்த்தது. இடதும் வலதுமாக ஆடிற்று. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பார்த்தது. இன்னும் பெரிய வட்டம். பிறகு இன்னொன்று, நாலைந்து, ஒரு கொத்து. கடைசியில் பெட்டிக்கு முன்னால் காற்றே தெரியவில்லை. அத்தனையும் முகத்தைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடின. இலுப்பையை, புங்கனை, கீழே உட்கார்ந்திருந்த அம்சத்தை எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. இத்தனூண்டு தலைக்குள் ஒரு ஊரையே எழுதிக்கொள்கிறதே என்று அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

அந்தத் திடல் வழக்கு இன்னும் பல வருஷம் நடந்தது. அம்சத்தின் ஒரு பெட்டி மூன்றாயிற்று, பிறகு மரத்துக்கு ஒன்றாயிற்று. தேன் எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கொடுப்பாள், காசு வாங்கமாட்டாள். அவள் சாகும் வரைக்கும் அந்த மேட்டில் பயமில்லாமல் நடமாடியது அவள் ஒருத்திதான். ஆனால் அன்றைக்குக் காலையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

தங்கையன் தெருப் பக்கமிருந்து வரப்பில் ஓடி வந்தான். திடலின் ஓரத்தில் பிரேக் போட்ட மாதிரி நின்றான்.

“அம்சம்! நாலு ஈ வீட்டுக்கு வந்துச்சு. குதிர் இருந்த மூலையைச் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. நான் வைக்கோலைத் தொடவே இல்லை. தானாத் திரும்பிப் போயிடுச்சு” என்றான் மூச்சு வாங்க. “இங்க வந்து சேர்ந்துச்சான்னு பாரு.”

“இதுல எது நம்ம நாலுன்னு நான் எப்படி மாமா பார்ப்பேன்?”

அவன் ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா கூடாதா என்று ராசு பக்கமும் இளையபெருமாள் பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் இருவரும் அவனைப் பார்க்கவில்லை. ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையன் காலை மெல்ல உள்ளே வைத்தான். வந்து அவளுக்குப் பக்கத்தில், தும்பைக்கு நடுவே உட்கார்ந்தான்.